மழை நாளின் கடன் யாருடையது?

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் விடிந்ததும் முதலில் தேடுவது மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைத்தான். விடுமுறை கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் அடுத்த சுற்றறிக்கை வந்துவிடும். விட்டுப்போன நாளை ஈடுசெய்ய வரும் சனிக்கிழமை பள்ளிகள் முழுநேரம் இயங்கும். அன்று திங்கட்கிழமைப் பாடவேளையைப் பின்பற்ற வேண்டும். நிர்வாகத்துக்கு இது சாதாரண ஏற்பாடு. சற்று நின்று பார்த்தால் வியப்பான ஏற்பாடு. ஒரு சனிக்கிழமையைத் திங்கட்கிழமை என்று கொள்ளும்படி அரசு ஆணையிடுகிறது. முதல் பாடவேளை தமிழ், அடுத்தது கணக்கு, மதியத்துக்குப் பிறகு அறிவியல் என்று, மழையில் போன திங்கட்கிழமை அப்படியே நடந்து முடிந்ததாகப் பதிவேடு சொல்லும். போன நாளை மீட்க முடியுமா என்ற பழைய தத்துவக் கேள்விக்கு, முடியும் என்று ஒரு சுற்றறிக்கை பதில் சொல்லிவிடுகிறது.

அந்தப் பதிலுக்குள் வாய்விட்டுச் சொல்லாத மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. எல்லா நாளும் ஒரே எடை, ஆகவே ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்கலாம் என்பது முதலாவது. நடக்காத பள்ளி நாள் ஒரு கடன், அதைத் தீர்த்தே ஆகவேண்டும் என்பது இரண்டாவது. அந்தக் கடனைத் தன் ஓய்விலிருந்து தரவேண்டியது பிள்ளை என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. மூன்றாவது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மழை நாளில் பிள்ளை எதையும் கடன்படவில்லை. கடன்பட்டது பள்ளியும், அதை நடத்தும் அரசும். யார் கடனாளி என்பது தெளிந்துவிட்டால், நாளை நீட்டலாமா, எப்போது நீட்டலாம், யாருக்காக நீட்டலாம் என்ற நடைமுறைக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

தவறிப்போன கடமையை என்ன செய்வது என்று மிக நீண்ட காலமாக யோசித்து வந்தவர்கள் கல்வித்துறையினர் அல்லர், சமயச் சட்ட அறிஞர்கள்தாம். நாளும் பொழுதும் குறித்து வைத்த கடமைகள் அவர்களுடையவை. ஆகவே அவை தவறும் விதங்களையும் அவர்கள் நுட்பமாகப் பிரித்துப் பார்த்தார்கள். இஸ்லாத்தை எடுத்துக்கொள்வோம். ரமலானில் நோயுற்றவரும் பயணத்தில் இருப்பவரும் நோன்பை விடலாம். விட்ட நாட்களின் எண்ணிக்கையைப் பின்னால் வேறு நாட்களில் நோற்று முடிக்க வேண்டும் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. இதைத்தான் களா என்கிறார்கள். தவறிய தொழுகையைக் களாவாகத் தொழுகிறவர், இது எந்த நாளின் எந்த வேளைத் தொழுகை என்று மனத்தில் எண்ணிக்கொண்டு தொழுவார். சனிக்கிழமையைத் திங்கட்கிழமையாக நடத்தும் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைக்காது. ஆனால் இஸ்லாமியச் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. முதுமையாலோ தீராத நோயாலோ இனி நோன்பு நோற்கவே இயலாதவரிடம் அது நாட்களைக் கேட்பதில்லை. விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கச் சொல்கிறது. அது ஃபித்யா. எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் பட்டினிக்கு ஈடாகப் பட்டினி கேட்ட இடத்தில் சோறு வந்து நிற்கிறது.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. மாதவிடாய் நாட்களில் பெண்கள் தொழுவதில்லை, நோன்பு வைப்பதும் இல்லை. பின்னால் நோன்புகளை மட்டும் களாச் செய்கிறார்கள், தொழுகைகளைச் செய்வதில்லை. நபிகள் நாயகத்தின் துணைவியார் ஆயிஷாவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் விளக்கிய நடைமுறையாகவே ஹதீஸ் நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. அறிஞர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. நோன்பு ஆண்டுக்கு ஒரு மாதம். விட்டுப்போகும் நாட்கள் சில. தொழுகையோ நாளைக்கு ஐந்து வேளை. மாதந்தோறும் விட்டதையெல்லாம் சேர்த்துத் தொழச் சொன்னால் சுமை கூடிக்கொண்டே போகும். தவறிய கடமை இரண்டும் பெரியவைதாம். தவறிய காரணமும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்றை ஈடுசெய்யச் சொல்லி, மற்றொன்றை அடியோடு விட்டுக்கொடுக்கிறது சட்டம். கடமை எவ்வளவு புனிதமானது என்பதை வைத்து மட்டும் ஈட்டைத் தீர்மானிக்க முடியாது. ஈடு செய்பவரின் வாழ்க்கை அதைத் தாங்குமா என்பதையும் பார்த்தாக வேண்டும். பதினான்கு நூற்றாண்டுகளாக ஒரு சமயம் கடைப்பிடித்து வரும் கொள்கை இது.

யூத மரபிலும் இதே கவனம் தெரிகிறது. விவிலியத்தில் எண்ணாகமத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிணத்தைத் தொட்டதால் தீட்டுப்பட்டோ தூரப் பயணத்தில் இருந்தோ பஸ்கா பண்டிகையை ஆசரிக்க முடியாமல் போனவர்களுக்கு, ஒரு மாதம் கழித்து இரண்டாம் பஸ்கா அனுமதிக்கப்படுகிறது. அதை மோசே தானாக விதிக்கவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் இந்த இழப்பு என்று தவறவிட்டவர்கள் வந்து கேட்ட பிறகு கிடைத்த சலுகை அது. முதல் பஸ்காவை உரிய நாளில் ஆசரித்தவர்கள் மறுபடி ஆசரிக்க வேண்டியதும் இல்லை. அன்றாடத் தொழுகையில், யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் இன்னொரு விதியை வைக்கிறது. மறதியாலோ இயலாமையாலோ ஒரு வேளைத் தொழுகை தவறினால் அடுத்த வேளையில் இருமுறை தொழலாம். முதலில் அந்த வேளைக்குரியது, பிறகுதான் தவறியதற்கானது. அந்த அடுத்த வேளையும் கடந்துவிட்டால் வாய்ப்பு முடிந்தது. வேண்டுமென்றே விட்டவருக்கோ இந்த வாய்ப்பே இல்லை. ஈடுசெய்தல் என்பது தண்டனையாக இருந்தால் வேண்டுமென்றே விட்டவருக்கல்லவா அதை முதலில் விதித்திருக்க வேண்டும்? தவறு செய்யாதவருக்கு மட்டும் அதைத் திறந்து வைத்ததிலிருந்தே, அவர்கள் அதை உரிமையாகக் கருதினார்கள் என்று தெரிகிறது.

நம் நாட்டுத் தர்மசாத்திரங்கள் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகின்றன. வேதம் ஓதக் கூடாத வேளைகளை அவை பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயத்திலும் ஆபஸ்தம்ப தர்மசூத்திரத்திலும் இடி, மின்னல், புழுதிக் காற்று, மூடுபனி, அமாவாசை, பௌர்ணமி, அட்டமி, சதுர்த்தசி என்று அனத்தியயனக் காலங்கள் நீளுகின்றன. யாருக்குக் கல்வி என்பதில் அந்த நூல்கள் போட்ட வேலி அநீதியானது. அதை இன்று யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் படிப்பின் காலம் பற்றி அவர்கள் எண்ணியதில் ஒரு செய்தி இருக்கிறது. ஆவணி அவிட்டத்தன்று தொடங்கி நாலரை மாதம் ஓதவேண்டும் என்பது அவர்களின் கல்வியாண்டு. அது மழைக்காலத்தில்தான் தொடங்குகிறது. மழையும் இடியும் அதில் குறுக்கிடும் என்று தெரிந்தே, அந்த இடைவெளிகளைப் படிப்புக் காலத்தின் உள்ளேயே சேர்த்து வைத்தார்கள். அனத்தியயன நாட்களிலும் வேதாங்கங்களையும் அன்றாடம் ஓதவேண்டியதையும் விடவேண்டியதில்லை என்று மனுவே விலக்கும் தருகிறார். வகுப்பு நிற்கலாம், பயிற்சி நிற்க வேண்டாம் என்பது அதன் பொருள். சந்தியாவந்தனத்தில் வேளை தவறினாலும் கதை இதுதான். அந்த வேளையை இன்னொரு நாள் நிகழ்த்துவதில்லை. பிராயச்சித்தமாக ஒரு கை நீரைக் கூடுதலாக விட்டு, தவறியதை ஒப்புக்கொண்டு மேலே செல்கிறார்கள்.

மூன்று மரபுகளும் கடவுளைப் பற்றியும் கடமையைப் பற்றியும் வெவ்வேறு விதமாக எண்ணுபவை. ஆனாலும் தவறிய நாளின் முன் நின்று அவை கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. தவறியது யாருடைய செயலால்? தவறிய காரியம் இன்னொரு நாளில் செய்யத்தக்கதுதானா? ஈடு செய்பவருக்கு அது நன்மையா, சுமையா? இந்தக் கேள்விகளைக் கேட்ட பிறகே அவை களாவையோ, விலக்கையோ, மாற்றையோ விதிக்கின்றன. நம் சுற்றறிக்கை ஒன்றையும் கேட்பதில்லை. எத்தனை நாள் போனது என்று மட்டும் எண்ணி, அத்தனை சனிக்கிழமைகளை எழுதிவிடுகிறது.

அந்தக் கேள்விகளை இப்போது பள்ளி நாளிடம் கேட்போம். ஒரு மழை நாளில் பிள்ளை எதை இழக்கிறது? முதலில் பாடம். அது இன்னொரு நாளில் நடத்தத்தக்கது. ஆகவே களாவின் இனம். அடுத்தது உணவு. காலை உணவும் மதியச் சத்துணவும் பள்ளியில்தான் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்குத் திங்கட்கிழமைப் பசியைச் சனிக்கிழமைச் சோறு ஆற்றாது. இதற்கு நாளை நீட்டுவது விடையே ஆகாது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் முட்டையுமாகப் பிள்ளைகளின் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். ஃபித்யாவின் நியாயம் அது. காரியம் முடியாதபோது அதன் பயனையாவது வேறு வழியில் சேர்ப்பது. கடைசியாக, அந்த நாளே போகிறது. தோழர்களோடு உட்கார்ந்திருப்பது, மைதானம், அந்த வயதின் ஒரு பகல். அதற்கு எந்த மரபிலும் ஈடு கிடையாது. ஆக, சனிக்கிழமை வகுப்பு தீர்ப்பது மூன்றில் ஒன்றைத்தான். அதையும் அது உண்மையிலேயே தீர்க்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் கடனாளி யார் என்பதை முடித்துக்கொள்ளலாம். 2002-ல் வந்த 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 21-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதை நடைமுறைப்படுத்தும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. கட்டாயம் என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது என்றுதான் பலர் எண்ணுகிறோம். சட்டமோ அதை அரசின் கட்டாயம் என்றே விளக்குகிறது. இலவசக் கல்வி தருவதும், வருகையையும் தொடக்கக் கல்வி நிறைவையும் உறுதிசெய்வதும் அரசின் கடமை. உரிமை உடையவர் பிள்ளை, தரவேண்டியவர் அரசு. மழையால் தர முடியாமல் போனால் பாக்கி அரசின் பக்கம் நிற்கிறது. தரவேண்டியவர் தன் பாக்கியைத் தீர்க்க, பெறவேண்டியவரின் ஓய்வுநாளை எடுத்துக்கொள்கிறார் என்றால் அதற்குத் தக்க காரணம் காட்டவேண்டும். என் கணக்குப் புத்தகம் நேராக வேண்டும் என்பது அந்தக் காரணம் ஆகாது.

இதற்கு உடனே வரும் மறுப்பு, சட்டமே நாட்களை எண்ணித்தானே சொல்கிறது என்பது. உண்மைதான். அதே சட்டத்தின் அட்டவணை, 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாளும் 800 கற்பித்தல் மணி நேரமும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 220 வேலைநாளும் 1,000 மணி நேரமும் கேட்கிறது. ஆனால் இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நாளைக்கு எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று கொண்டால் ஒரு நாளுக்கு 5 மணி 20 நிமிடம். அந்தக் கணக்கில் 1,000 மணி நேரம் 188 நாட்களில் நிறைந்துவிடுகிறது. பத்து மழை நாட்கள் போனாலும் மணிக்கணக்கில் சட்டத்தின் தேவைக்கு மேலேதான் பள்ளி நிற்கிறது. குறைவது நாட்களின் எண்ணிக்கை மட்டுமே. அந்த எண்ணிக்கையும் கல்லில் வெட்டியது போல நடைமுறையில் இருந்ததில்லை. தமிழ்நாட்டின் 2024-25 பள்ளி நாட்காட்டி 220 வேலைநாள் என்று வெளிவந்து, ஆசிரியர் அமைப்புகளின் கோரிக்கைக்குப் பின் 210 ஆனது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாட்களை அந்த அட்டவணை விதிப்பது பள்ளிக்கான தரமாக. பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்வது என்பதற்குச் சட்டம் வேறு இடத்தில், நான்காம் பிரிவில், வேறு வழி வைத்திருக்கிறது. படிக்காமல் விடுபட்டு, வயதுக்கேற்ற வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி பெற உரிமை உண்டு; அதைக் குறைந்தது மூன்று மாதம், அதிகம் இரண்டு ஆண்டு வரை தரலாம் என்கின்றன மத்திய விதிகள். அங்கே விட்ட நாட்களை எவரும் எண்ணுவதில்லை. பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து நடக்கும் அளவு வந்துவிட்டதா என்பதே அளவுகோல்.

சில நாட்கள் மூடுவதால் படிப்பு உண்மையில் எவ்வளவு குறைகிறது? பனிப்பொழிவால் அடிக்கடிப் பள்ளிகள் மூடும் அமெரிக்காவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மேரிலாந்து மாநிலத்தை ஆராய்ந்த டேவ் மார்க்காட், ஸ்டீவன் ஹெமெல்ட் இருவரும், பனி நாட்கள் மிகுந்த ஆண்டுகளில் மாநிலத் தேர்வில் தேறியவர் விகிதம் குறைந்ததாக 2008-ல் எழுதினார்கள். மசாசூசெட்ஸ் மாநிலத்தை ஆராய்ந்து ஜோஷுவா குட்மன் 2014-ல் வெளியிட்ட ஆய்வோ, பள்ளி மூடிய நாட்களால் பாதிப்பு ஏதும் தெரியவில்லை, தனித்தனி மாணவர்கள் வராமல் போகும் நாட்களே மதிப்பெண்ணைப் பாதிக்கின்றன என்றது. இரண்டும் முரண்படுவது போலத் தெரிந்தாலும் சேர்த்துப் படித்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. மேரிலாந்தில் தேர்வு வசந்த காலத்தில் குறித்த தேதியில் நடந்துவிடும். ஈடுசெய்யும் நாட்களோ கல்வியாண்டின் கடைசியில், தேர்வுக்குப் பிறகு வரும். நாள் திரும்பக் கிடைத்தும் அந்தத் தேர்வுக்கு அது உதவவில்லை. மசாசூசெட்ஸ் சொல்வது, எல்லோரும் ஒன்றாக விட்டால் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து எல்லோரையும் சேர்த்து நகர்த்திவிடுவார், ஆளுக்கொரு நாள் விட்டால்தான் வகுப்பு சிதறும் என்பது. நம் சனிக்கிழமைக்கு இதில் எச்சரிக்கை இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து இழந்த ஒரு திங்கட்கிழமையை, பாதிப் பேர் மட்டும் வரும் சனிக்கிழமையால் ஈடுசெய்தால், பாதிப்பு குறைந்த இழப்பை அகற்றி, பாதிப்பு மிகுந்த இழப்பை உண்டாக்குகிறோம்.

நீண்ட மூடல்கள் வேறு வகை. 2005 அக்டோபர் 8-ஆம் தேதி பாகிஸ்தானின் வடக்கே நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு பள்ளிகள் சராசரியாக 14 வாரம் மூடிக் கிடந்தன. நான்கு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளைச் சோதித்த தாஹிர் அந்த்ராபி, பெஞ்சமின் டேனியல்ஸ், ஜிஷ்ணு தாஸ் ஆகியோர், நிலப்பிளவுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள் சுமார் ஒன்றரை வகுப்பு பின்தங்கியிருப்பதைக் கண்டார்கள். அந்தக் குடும்பங்களின் பொருளாதாரம் அதற்குள் பெரும்பாலும் மீண்டிருந்தது. மூன்று மாதம் மூடியதற்கு ஒன்றரை ஆண்டுப் பின்னடைவு எப்படி வந்தது? பள்ளி திறந்தபோது பாடத்திட்டம் அதன் வேகத்தில் போயிருக்க வேண்டும். பிடியை விட்ட பிள்ளை ஒவ்வொரு ஆண்டும் இன்னும் கொஞ்சம் பின்தங்கியிருக்கும். தாய் தொடக்கக் கல்வியாவது முடித்திருந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் பின்னடைவு தென்படவில்லை. 14 வாரத்தை 14 வாரம் நீட்டி அடைத்திருந்தால்கூட, அதே வேகத்தில் அதே பாடம் நடந்திருந்தால், பலன் கைக்கு எட்டியிருக்காது. தேவைப்பட்டது நின்று, திரும்பிப் பார்த்து, பிள்ளை எங்கே விட்டதோ அங்கிருந்து கைபிடித்து அழைத்து வருவது. படித்த தாய் வீட்டில் அதைச் செய்திருக்கக்கூடும்.

தமிழ்நாடும் இதைச் செய்து பார்த்திருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. பத்தொன்பது மாதத்துக்கு மேல். 2020-ல் பத்தாம் வகுப்புக்கும் 2021-ல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். அது விலக்கு. அந்தச் சூழலில் வேறு வழியும் இல்லை. ஆனால் விலக்கு பழியை நீக்கும், பாடத்தைத் தராது. பாடத்தைத் திருப்பித் தர 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. தெருவிலேயே, தன்னார்வலரிடம், மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் செய்த ஆய்வு, பெரும் இழப்பு இருந்ததையும், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதையும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்ததையும் காட்டியது. எளிய வீட்டுப் பிள்ளைகள் அதிகம் இழந்தார்கள். மீண்டபோது அவர்களே வேகமாக மீண்டார்கள். நேரம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. கூடுதல் நேரம் உதவியிருக்கிறது. உதவிய நேரம் எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம்: பிள்ளையின் வீட்டுக்கு அருகில், அதன் நிலைக்கு ஏற்ப, தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட அளவில்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் நிலை என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். இது வலுவான மறுப்பு. கடலூரில் வெள்ளம் வந்தால் கோயம்புத்தூர்ப் பிள்ளை படித்துக்கொண்டுதான் இருக்கிறது. வினாத்தாள் இருவருக்கும் ஒன்று. இங்கே நாளை நீட்டுவது நியாயமே. ஆனால் இந்த நியாயம் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். நாள் போனதிலிருந்து வரவில்லை. ஒருவருக்குப் போய் மற்றவருக்குப் போகாததிலிருந்து வருகிறது. இரண்டாம் பஸ்கா போல, தவறவிட்டவருக்கு மட்டும் திறக்கும் வாய்ப்பாக அது இருக்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் சுற்று மாவட்டங்களும் கடலூரும் வாரக்கணக்கில் பள்ளி இழந்தபோது அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். சரியான முடிவு, மேரிலாந்தில் தவறியதும் அந்தத் தேதிதான். தேர்வை நகர்த்துவது, பாடப் பகுதியைக் குறைப்பது, பாதித்த மாவட்டத்துப் பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் கூடுதல் வகுப்பு என்று வழிகள் இருக்கும்போது, ஒன்றாம் வகுப்புக் குழந்தையையும் அதே சனிக்கிழமை வரவழைப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

இன்னொரு மறுப்பு ஏழைப் பிள்ளையின் பெயரால் வருகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மழை நாளிலும் டியூஷனும் புத்தகமும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளி மூடினால் எல்லாமே மூடியது. சனிக்கிழமை திறந்தால் சோறாவது கிடைக்கும், பாதுகாப்பாவது இருக்கும். இதை மறுக்க முடியாது. ஆனால் இது சொல்வது, பள்ளி அந்தப் பிள்ளைக்காகத் திறந்திருக்க வேண்டும் என்பதைத்தான். திங்கட்கிழமைப் பாடவேளையை நடத்தவேண்டும் என்பதை அன்று. கட்டாயம் இல்லாமல், நூலகமும் விளையாட்டும் உணவும் படிப்பில் தடுமாறுகிறவருக்குத் தனிக் கவனமுமாகத் திறந்த சனிக்கிழமை அரசின் கடனை நேர்மையாகத் தீர்க்கும் வழி. சம்பளம் வாங்கும் ஆசிரியர் வேலை செய்யட்டுமே என்ற வாதத்துக்கும் இதுவே விடை. கடன் பெரியவர்களுடையது என்று சொன்ன பிறகு அவர்கள் உழைப்பைக் கேட்பதில் தவறில்லை. ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் அதே பாடத்தை ஓட்டுவதைவிட, வாசிக்கத் தடுமாறும் எட்டுப் பேரோடு உட்காருவது கடினமான உழைப்பு. கூடுதல் பயனுள்ள உழைப்பும் அதுவே.

ஓய்வுநாளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளைக்கு ஓய்வு எதற்கு, வாரம் முழுவதும் விளையாட்டுத்தானே என்பவர்கள் யாத்திராகமத்தின் கட்டளையைப் பார்க்கலாம். ஏழாம் நாள் ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டும் உரியதாக அங்கே இல்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, ஊரில் தங்கிய அந்நியன் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. உழவு காலத்திலும் அறுவடை காலத்திலும்கூட ஓய்ந்திருக்கச் சொல்கிறது இன்னோர் இடம். வேலை நெருக்கும் நேரத்தில்தான் வலியவன் எளியவனின் ஓய்வில் கை வைப்பான் என்பது அந்தச் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளியில் தன் நாளைப் பற்றிப் பேசக் குரலில்லாதவர் பிள்ளைதான். சனிக்கிழமையைப் பறித்தால் அது ஆட்சேபிக்காது. ஆகவேதான் எல்லோருக்கும் முன் அதையே பறிக்கத் தோன்றுகிறது.

கடைசியாக ஒன்று. எதிர்பாராமல் நேர்ந்தது என்ற விலக்கு பிள்ளைக்கு உண்டு, திட்டமிடுகிறவருக்கு இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி. அது ஆண்டுதோறும் வருகிறது. கடலோர மாவட்டங்களில் பள்ளி மூடுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. பனி பெய்யும் நாடுகளின் பள்ளிகள் நாட்காட்டி போடும்போதே பனி நாட்களுக்கென்று சில நாட்களை ஒதுக்கி வைப்பதுண்டு. வேதம் ஓதியவர்களும் இடி நாளை முன்கூட்டியே கணக்கில் எடுத்தார்கள். ஜூன் மாதம் நாட்காட்டி அச்சடிக்கும் நம் கல்வித்துறை மட்டும் ஒவ்வொரு கார்த்திகையிலும் மழையைப் புதிதாகச் சந்திக்கிறது.

ஆகவே முடிவு இது. ஒரு வாரம், பத்து நாள் என்ற அளவிலான மழை இழப்பை விட்டுக்கொடுங்கள். அதற்கான உபரி நாட்களை ஜூன் மாதமே, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறாக, நாட்காட்டியில் வைத்துவிடுங்கள். வாரக்கணக்கில் போனால், பாதித்த மாவட்டத்துக்கும் தேர்வு எழுதும் வகுப்புக்கும் மட்டும் நாளையோ தேர்வுத் தேதியையோ நீட்டுங்கள். மாதக்கணக்கில் போனால் நாட்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். மூடிய நாட்களின் உணவை உலர் பொருளாகக் கொடுத்துவிடுங்கள். அது தள்ளிப்போடக் கூடியது அன்று. அடுத்த மழை விடுமுறைக்குப் பின் சனிக்கிழமை ஆணையில் கையெழுத்திடும் முன், இந்த நாள் பிள்ளைக்குத் தேவையா, பதிவேட்டுக்குத் தேவையா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பதிவேட்டுக்குத்தான் என்றால் அந்த ஆணையில் கையெழுத்துப் போடாதீர்கள்.